தொழில் யோசனை களவு போனால் கிறிஸ்தவர் வழக்குப் போடலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

செலண்டாரில் ஒரு குடும்பம் வீட்டில் ஊறுகாய் போட்டு இரவுச் சந்தையில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உதவிக்கு வந்த சபைச் சகோதரர் பக்குவத்தைக் கற்றுக்கொள்கிறார். ஆறு மாதத்தில் அதே ஊறுகாயுடன் எதிரே கடை விரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே திருவிருந்துக்கு வரவேண்டும். வழக்கா, மௌனமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். வெறும் யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. "இனி இந்தத் தொழிலே செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கினாலும், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. ஆனால், இரகசியமாக நம்பிச் சொன்ன பக்குவத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தி நட்டம் விளைவித்தால் வழக்குத் தொடர இடமுண்டு. ஊரறிந்த பக்குவம் என்றால் வழக்கு நிற்காது.

நாம் களவு என்று நினைப்பதெல்லாம் களவும் அல்ல. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999-இல் தொடங்கிய 'மெக்கறி' உணவகத்தை நினைத்துப் பாருங்கள். தன் பெயரின் முன்னொட்டை எடுத்துக்கொண்டதாக மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. 2006-இல் உயர்நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு கூட்டரசு நீதிமன்றத்திலும் நம்மவர் உணவகமே வென்றது. குற்றம் சாட்டும் முன் நாமும் நம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இனி வேதத்திற்கு வருவோம். சகோதரர்கள் அவிசுவாசிகளிடம் வழக்குக்குப் போவதை 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் கண்டிக்கிறார். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளவும் சொல்கிறார். இதை மட்டும் பிடித்துக்கொண்டு, பறிகொடுத்தவரை வாயடைக்கிறோம். அதே பகுதியில், சகோதரனை வஞ்சிக்கிறவரையும் பவுல் சாடுகிறார். அதை ஏனோ நாம் வாசிப்பதில்லை! அதே பவுல் தம்மேல் சுமத்திய குற்றச்சாட்டுக்கு நியாயம் கேட்டு இராயனிடம் மேல்முறையீடு செய்தார். ஆகவே நீதிமன்றப் படி ஏறுவதே பாவம் என்று சொல்லமுடியாது.

முறை என்ன? மத்தேயு 18 காட்டுகிறது. முதலில் தனியாகப் பேசுங்கள். கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துச் செல்லுங்கள். பிறகு சபையிடம் சொல்லுங்கள். போதகரும் மூப்பர்களும் இருவர் கணக்கையும் பார்த்து, உண்மையான இழப்பீட்டைச் சொல்லவேண்டும். "மன்னித்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயம் ஆகாது. சபையை அவர் மதிக்காவிட்டால், வழக்கறிஞரை நாடலாம். நாளைக் கடத்தினால் இடைக்காலத் தடை உத்தரவு கிடைப்பது கடினம் என்பதையும் மறவாதீர்கள்.

ஈசாக்கின் கதை ஆதியாகமம் 26-இல் உள்ளது. வெட்டிய இரண்டு கிணறுகளுக்கும் மற்றவர்கள் வழக்காடினார்கள். அவர் விலகிப்போய் மூன்றாவதை வெட்டினார். அங்கே இடம் கிடைத்தது. கிணற்றைப் பறிக்கலாம், வெட்டத் தெரிந்த கையைப் பறிக்க முடியாது. ஆனால் விட்டுக்கொடுப்பது ஈசாக்கின் விருப்பமாக இருந்தது. பறிகொடுத்தவர்மேல் அதை நாம் திணிக்கலாகாது.

பழிவாங்கவா, நீதி பெறவா? கையொப்பம் இடும் முன் இந்தக் கேள்விக்கு மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள்.