இயங்கலை வகுப்பும் மனநிறைவும்



கெடா மாநிலத்தின் சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகம் 1984இல் நிறுவப்பட்டது. நிர்வாகக் கல்விக்குப் பெயர் பெற்றது. பீடோங்கை அடுத்த செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. வணிகமும் கணக்கியலும் படிக்க நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இப்படிப்பட்ட இடங்களை நாடிப் போகிறார்கள். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வகுப்பறைகள் மூடப்பட்டன, பாடம் இணையத்தின் வழி வீட்டுக்கே வந்தது. இதைத்தான் இயங்கலை வகுப்பு என்கிறோம். ஆணை விலகிய பின்னும் இந்த முறை மறைந்துவிடவில்லை. இதில் மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் மனநிறைவு கிடைக்கிறதா? கிடைக்க என்ன வேண்டும்? இன்று இதைப் பார்ப்போம்.

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதன்று. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே தொலைக்கல்வியைத் தொடங்கியது. வேலை செய்துகொண்டே பலர் அதன்வழி பட்டம் பெற்றனர். தூரத்திலிருந்து படிப்பவருக்கு அன்றும் இன்றும் குறை ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் உடனே யாரைக் கேட்பது?

மைக்கேல் மூர் என்னும் கல்வியாளர் 1989இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். மாணவருக்குப் பாடத்தோடு ஓர் உறவு, ஆசிரியரோடு ஓர் உறவு, சக மாணவரோடு ஓர் உறவு என மூன்று உண்டு என்றார். கருவி எவ்வளவு புதிதானாலும், இந்த மூன்றும் அறுந்துபோனால் படிப்பு கசக்கத்தான் செய்யும்.

கணக்கியலையே எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்காரர் ஐம்பது வெள்ளிக்கு அரிசியைக் கடனாகக் கொடுக்கிறார். அந்த ஐம்பது வெள்ளியை வரவேண்டிய கடன் என்று ஓரிடத்திலும், விற்பனை என்று இன்னோர் இடத்திலும் எழுத வேண்டும். விரிவுரையாளர் இதை விளக்கும் அந்த இரண்டு நிமிடம் இணைப்பு அறுந்துவிட்டால், அதற்குப் பின் வருவது எதுவும் விளங்காது. வகுப்பறையில் என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். வீட்டில் தனியாக இருப்பவர் யாரைக் கேட்பார்? ஆகவே, பதிவு செய்யப்பட்ட பாடம் பெரிய உதவி. புரியாத இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

விரிவுரையாளரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பறையில் மாணவர் முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்று அவர் அறிந்துகொள்வார். திரையிலோ பெயர் தாங்கிய கறுப்புக் கட்டங்கள்தாம் தெரியும். "புரிகிறதா?" என்று கேட்டால் பதில் இராது. சுவரோடு பேசுவது போன்ற அந்த அலுப்பு பாடத்திலும் தெரியும். மாணவரின் மௌனம் ஆசிரியரைச் சோர்வடையச் செய்கிறது. ஆசிரியரின் சோர்வு மாணவருக்கே திரும்பி வருகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பால் வெட்டிவிட்டுக் களைப்போடு வரும் தாய், மகன் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைக் காண்கிறார். "ஏய்யா, சும்மாதானே இருக்க? கடைக்குப் போய் வா" என்கிறார். அவன் சும்மா இல்லை, வகுப்பில் இருக்கிறான். தாயின் மீதும் குற்றமில்லை. வகுப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆகையால், வகுப்பு நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்போம். அந்த நேரத்தில் தொலைக்காட்சியின் ஓசையைக் குறைத்து, ஒரு மேசையையும் ஒரு மூலையையும் படிப்புக்கு ஒதுக்குவோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இணைப்பு என்பது வேறு சிக்கல். 2020 ஜூன் மாதம் சபாவில் ஒரு மாணவி, இணைப்புக்காக மரத்தின் மேல் இருந்து தேர்வு எழுதிய செய்தியை நாடே அறிந்தது. தோட்டத்தில் அலை கிடைக்காத பிள்ளைகள் அதை மறைத்துக் கூனிக் குறுகக் கூடாது. பருவத் தொடக்கத்திலேயே விரிவுரையாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இணைப்பு நலிந்திருக்கும்போது படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் வகுப்பு அறுபடுவது குறையும்.

மாணவர்களுக்கு இரண்டு சொற்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வியாவது கேளுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் எழுதியாவது கேளுங்கள். அருகில் உள்ள நண்பர்களோடு சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ அவ்வப்போது கூடிக் கணக்குகளைச் செய்து பாருங்கள்.

பருவ முடிவில் மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தால், அதை உண்மையாக நிரப்புங்கள். ஆனால், மனநிறைவு வேறு, கற்றது வேறு. எளிதாகப் புள்ளி தந்த பாடம் மனத்துக்கு இனிக்கலாம். பிறகு கணக்கேட்டைத் திறக்கும்போதுதான் கைகொடுத்த பாடம் எது என்று தெரியும். "இந்தப் பருவத்தில் எதைச் செய்யக் கற்றேன்?" என்று கேட்டுப் பார்த்துப் பிறகு எழுதுங்கள்.

பிள்ளையின் படிப்புக்காக நாம் கட்டுவது வியர்வைக் காசு. அது வீண்போகாமல் இருக்க, கேட்கத் தயங்காத மாணவரும், பதில் சொல்லும் ஆசிரியரும், அமைதி தரும் வீடும் வேண்டும். முதல் இரண்டும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. மூன்றாவது நம் கையில் இருக்கிறது.