கால் முன்னே, தலை பின்னே

ஓடுகிற பேருந்தில் நீளவாக்கில் படுத்துத் தூங்கப்போகிறீர்கள். தலையை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? ஓட்டுநர் இருக்கும் பக்கமா, பின்பக்கமா? விடையை மனத்துக்குள் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அமெரிக்காவில் பல தேவாலயங்களுக்குச் சொந்தமாகப் பாடகர் குழு உண்டு. கோடை விடுமுறை வந்தால் குழுவோடு கிளம்பி ஊர் ஊராகப் போய்ப் பாடுவார்கள். அங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவே தூரம் அதிகம். ஒவ்வொரு இரவும் எல்லாருக்கும் விடுதியில் அறை எடுத்தால் உண்டியல் காலி! அதனால் பழைய நெடுந்தூரப் பேருந்து ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அடுக்குப் படுக்கைகளைப் பொருத்திக்கொள்கிற குழுக்களும் உண்டு.

இப்படிப் பேருந்தைப் பயண வீடாக்கியவர்களில் பேர்பெற்றவர்கள் பிளாக்வுட் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவப் பாடகர் குழுவினர். முதலில் அவர்கள் சிறிய விமானத்தில்தான் பறந்து போய்ப் பாடிவந்தார்கள். 1954 ஜூனில் அலபாமா மாநிலத்தில் அந்த விமானம் விழுந்து நொறுங்கியது. குழுவில் இருவர் இறந்துபோனார்கள். இனி சாலையிலேயே போவோம் என்று 1955-இல் ஒரு பேருந்தை வாங்கித் தங்கள் பயணத்துக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்து மற்றப் பாட்டுக்காரர்களும் பேருந்து வாங்கத் தொடங்கினார்கள்.

படுக்கைப் பேருந்து அதற்கும் முன்பே இருந்தது. 1928-இல் கலிபோர்னியாவின் பிக்விக் நிறுவனம் 13 சிறு அறைகளில் 26 பேர் படுத்துப் போகும் இரவுப் பேருந்தை ஓட்டியது. ஆனால் அது படுக்கைக்கென்றே புதிதாகக் கட்டிய வண்டி. உட்கார்ந்து போவதற்காகச் செய்த வண்டியைப் படுத்துப் போகும் வண்டியாக மாற்றுவதில்தான் சிக்கலே இருக்கிறது. வீட்டுக் கட்டில் ஒரே இடத்தில் கிடக்கும். பேருந்துப் படுக்கையோ மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதில் தூங்குகிறவரும் அதே வேகத்தில்தான் போகிறார், அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போது ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 60 மீட்டருக்குள் நிற்க வேண்டும். வண்டியைச் சக்கரங்கள் பிடித்து நிறுத்துகின்றன. தூங்குகிறவரை யார் பிடிப்பது? அவர் உடம்பு பழைய வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கும். நியூட்டன் சொன்ன நிலைமம் இதுதான். கணக்குப் போட்டால், அந்த நாலைந்து நொடிகளுக்குப் புவியீர்ப்பில் மூன்றில் இரண்டு பங்கு வலிமையோடு அவர் முன்பக்கம் தள்ளப்படுவார். 60 கிலோ எடையுள்ளவர் என்றால், ஏறக்குறைய 40 கிலோ பாரம்.

கால் முன்பக்கம் இருந்தால் அந்த 40 கிலோவும் பாதத்தில் இறங்கும். நாம் நிற்கும்போது பாதங்கள் நம் முழு எடையையும் தாங்குகின்றனவே, இது அதைவிடக் குறைவு! தலை முன்பக்கம் இருந்தால்? அந்தப் பாரம் முழுவதும் உச்சந்தலை வழியாகக் கழுத்தை அமுக்கும். விடை கிடைத்துவிட்டதா? கால் முன்னே, தலை பின்னே. பாட்டுக் குழுக்களின் பேருந்துகளில் இது எழுதாத சட்டம்.

எழுதிய சட்டமும் ஒன்று இருக்கிறது. நெடுந்தூர லாரிகளில் ஓட்டுநர் தூங்கும் படுக்கை குறைந்தது 190 சென்டிமீட்டர் நீளம், 61 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், அதற்கு மேலே 61 சென்டிமீட்டர் இடம் விட்டிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. வண்டி வேகம் குறையும்போது தூங்குகிறவர் படுக்கையை விட்டுத் தூக்கி எறியப்படாமல் தடுக்கும் அமைப்பும் வேண்டும். அது ஏறக்குறைய 2,700 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்கியாக வேண்டும். ஒரு மனிதரைப் பிடிக்க இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். மோதலில் வண்டி 60 மீட்டரில் நிற்காது, ஒன்றிரண்டு மீட்டரிலேயே நின்றுவிடும். நிற்கும் தூரம் குறையக் குறைய விசை எகிறும். ஆகவே பேருந்திலும் படுக்கைச் சட்டகத்தைப் பக்கச் சுவர்ப் பலகையில் நாலு திருகாணி போட்டு மாட்டினால் போதாது. முன்பு இருக்கைகளை முடுக்கியிருந்த இரும்புச் சட்டங்களிலேயே போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

படுக்கையைக் குறுக்கே போட்டால் என்ன? பிரேக் போட்டதும் உருண்டு விழுவீர்கள். நீளவாக்கில் போட்டால் வளைவுகளில்தான் உருள்வீர்கள். நல்ல ஓட்டுநர் வளைவில் வண்டியை மெதுவாகத் திருப்புவார்; அந்த விசை சிறியது, ஓரத்தில் ஒரு பலகை அடித்தால் தடுத்துவிடும்.

அடுத்த கேள்வி, படுக்கைகளை எங்கே வைப்பது? மேட்டில் முன்சக்கரம் ஏறினால் முன்பக்கம் தூக்கும், பின்சக்கரம் ஏறினால் பின்பக்கம் தூக்கும். சீசா பலகையில் நுனியில் இருப்பவர்தான் அதிகம் ஏறி இறங்குவார், நடுவில் உட்கார்ந்தால் ஆட்டமே தெரியாது. அதனால் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவில்தான் படுக்கைகள். பக்கத்துக்கு மூன்று அடுக்கு, முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை என்றால் 12 பேர் படுக்கலாம். எழுந்து உட்கார முடியாது, புரண்டு படுக்கலாம்.

மேல் அடுக்கில் நாலு பேர் படுத்தால் வண்டி கவிழ்ந்துவிடாதா? எனக்குப் பிடித்த கணக்கு இது. வண்டியின் எடை 12,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள நாலு பேர் இருக்கையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் படுத்தால், மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் இரண்டே சென்டிமீட்டர்தான் உயரும்! ஆனால் குளிக்கவும் கைகழுவவும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை, தரைக்குக் கீழே உள்ள சாமான் அறையில் வைக்காமல், அதைவிட இரண்டரை மீட்டர் உயரத்தில் கூரைமேல் ஏற்றினால் 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். தண்ணீர் அலைபாயும் என்பது தனி. ஆளை மேலே ஏற்றலாம். தண்ணீர், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் வண்டியின் அடிவயிற்றுக்குத்தான் போக வேண்டும்.

காற்றை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒருவர் ஓய்வாக இருக்கும்போது மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். 12 பேர், எட்டு மணி நேரம்: 1,152 லிட்டர். பேருந்துக்குள் 45,000 லிட்டர் காற்று இருக்கிறது என்று கொண்டு, ஒரு சந்து விடாமல் அடைத்தால், விடியும்போது காற்றில் இரண்டரை சதவீதம் அந்த வாயுதான். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம்! எல்லாரும் தலைவலியோடு எழுந்திருப்பார்கள், அப்புறம் எங்கே பாடுவது? குளிர்சாதனம் ஓடுகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் காற்றையே அது சுற்றிச் சுற்றிக் குளிர்வித்தால் பயனில்லை. புதுக்காற்று நுழைய வழி வேண்டும், ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு சிறு காற்றுத் துளை வேண்டும்.

இதைவிடப் பொல்லாதது கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் புகையிலும் ஜெனரேட்டர் புகையிலும் வரும்; நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் விழித்துக்கொள்ளாமலே போகலாம். அதனால் புகைக்குழாயின் வாயைக் காற்றுத் துளைகளுக்கு எட்டாத இடத்தில் விட வேண்டும். படுக்கைப் பகுதியில் இந்த வாயுவைக் கண்டுபிடித்து அலறும் கருவி ஒன்று கட்டாயம். ஆபத்தில் வெளியேற வேண்டிய அவசர சன்னல்களை மறைத்துப் படுக்கை போடவும் கூடாது.

ஓட்டுநரைப் பற்றியும் ஒரு விதி உண்டு. அமெரிக்காவில் பயணிகள் பேருந்து ஓட்டுகிறவர் தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, அதிகபட்சம் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். ஆகவே வண்டி அதற்கு மேலும் நிற்காமல் ஓட வேண்டுமானால் இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் தூங்க வேண்டும். பாடுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வந்தாலும் சரி, ஆட்டம் குறைவான நடுப்பகுதிக் கீழ்ப் படுக்கையை நான் அந்த இரண்டாவது ஓட்டுநருக்குத்தான் கொடுப்பேன்.