அறிவு ஒன்றா, பலவா?

இரண்டாண்டுகளுக்கு முன், புரட்டாசிக் கடைசியில் எங்கள் ஊரில் ஒரு மழை பெய்தது. தெருவெல்லாம் தண்ணீர். "உளுந்து விதைத்துவிடலாம்" என்றேன் நான். என் தம்பி பேசாமல் புஞ்சைக்குப் போனான். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தான்.

"ஒரு உழவு மழைதாண்ணே. கீழே காஞ்சு கெடக்கு. இப்ப வெதச்சா மொளச்சுக் கருகிரும்."

கரிசல் மண் மேலே சேறாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். அடியில் ஈரம் இறங்கியிருக்காது. அவசரப்பட்டு விதைத்த பக்கத்துப் புஞ்சைகளில் முளைத்த பயிர் சில நாளில் வாடிவிட்டது. எங்கள் விதை மூட்டையிலேயே இருந்தது.

இந்தத் தம்பி ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தேறாதவன். வகுப்பறையில் 'மக்கு' என்று பெயர் வாங்கி, அது பொறுக்காமல் பள்ளியை விட்டவன். அவன் மக்குத்தானா என்ற கேள்வியோடுதான் நான் உளவியல் நூல்களைப் புரட்டினேன்.

1905இல் பிரான்சு நாட்டு அறிஞர்களான பினேயும் சீமோனும் ஒரு சோதனையை வகுத்தனர். பள்ளியில் தனி உதவி வேண்டிய குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். உதவிக்கென்று பிறந்த அதிலிருந்துதான், மனிதருக்கு ஒற்றை எண்ணை ஒட்டும் 'நுண்ணறிவு ஈவு' வளர்ந்தது. இதனை மறுத்து, 1983இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஹோவர்டு கார்ட்னர், அறிவு ஏழு வகை என்று எழுதினார். மொழி, கணக்கும் தருக்கமும், இசை, உடலியக்கம், இடவுணர்வு, பிறரை அறிதல், தன்னை அறிதல் என்பன அவை. இயற்கையை இனங்காணும் அறிவைப் பின்னர் எட்டாவதாகச் சேர்த்தார். ஒரு சமூகம் மதிக்கும் சிக்கலைத் தீர்க்கவோ, பொருளைப் படைக்கவோ வல்ல ஆற்றலே அறிவு என்பது அவர் தரும் விளக்கம்.

'சமூகம் மதிக்கும்' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். நம் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சம்சாரி. புஞ்சையிலும் திண்ணையிலும் கேட்ட பேச்சே அவர் பாடம். அந்தக் காதுதான் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கியது. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருதைத் தந்தது. பட்டமில்லாதவரைப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்காரவும் வைத்தது. காது முன்பும் அதேதான். அதை நிறுக்கும் தராசு நம்மிடம் இல்லை, அவ்வளவே!

கார்ட்னரை எல்லோரும் ஏற்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு பாடத்தில் சிறப்பவர் பெரும்பாலும் பிறவற்றிலும் சிறக்கிறார், ஆகவே எல்லாவற்றுக்கும் அடியில் பொது அறிவாற்றல் ஒன்று உண்டு என்று 1904இலேயே ஸ்பியர்மன் வாதிட்டார். கார்ட்னரின் வகைகளுக்குச் சோதனைச் சான்று போதாது என்போர் இன்றும் பலர். எட்டு என்ற கணக்கில் எனக்கும் ஐயமே. தம்பியின் மண்ணறிவு தனி அறிவா, அப்பாவின் பின்னால் ஏர் பிடித்து நடந்த பழக்கமா என்று கேட்டால் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் அந்தக் கணக்குத் தாள் அதை அளக்கவில்லை. அளக்காததை இல்லையென்று சொல்லிவிட்டது.

தம்பி இவ்வாண்டு தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறான். மாலையில் நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மண் பார்க்கக் கற்றுத் தா என்று நான்தான் அவனிடம் இன்னும் கேட்கவில்லை.