உங்களுக்குத் தெரியுமா? அழுகும் பழத்திலிருந்து எரிவாயு

பீங்கான் நகரமாகிய விருத்தாசலம் முந்திரி ஆராய்ச்சிக்கும் பெயர்பெற்றது. ஆயினும் அதைச் சூழ்ந்த கடலூர் மாவட்டத் தோப்புகளில், கொட்டையைவிடப் பல மடங்கு எடைகொண்ட முந்திரிப்பழம் பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகி வீணாவது வருந்தத்தக்கது. இத்தகைய கழிவைக் காற்றுப் புகாத கலனில் இட்டால், உயிர்வளியின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகச் சிதைத்து, ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேனும், எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயுவும் கொண்ட எரிவாயுவாக மாற்றுகின்றன.

சாணத்தைவிடப் பழக்கழிவு விரைவில் செரிக்கக்கூடியது என்பதே அதன் வலிமையும் குறையும் ஆகும். சர்க்கரை மிகுந்த அக்கழிவை ஒருவகை நுண்ணுயிர்கள் வேகமாக அமிலமாக்கிவிட, மெதுவாகப் பெருகும் மற்றொரு வகையான மீத்தேனாக்க நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பைத் தாங்காமல் செயலிழப்பதால், சாணம் கலந்தோ சுண்ணாம்பு சேர்த்தோ, அளவறிந்து சிறிது சிறிதாக ஊட்டியோ சமநிலை காக்கப்படுகிறது.

சென்னைக் கோயம்பேடு சந்தையில் இம்முறையில் நாளொன்றுக்கு 30 டன் கழிவைக் கையாளும் நிலையம் 2005இல் அமைந்தது. ஐதராபாத்தின் போயின்பள்ளிச் சந்தையிலோ, இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தின் நுட்பத்தால், நாள்தோறும் சுமார் 10 டன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம் பெறப்பட்டது.

உடன் கலந்துவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நீக்கப்பட்ட இந்த எரிவாயு சாம்பலின்றி எரிவதால், கிளேஸ் எனப்படும் பளபளப்புப் பூச்சில் கறை படியாமல் பீங்கானைச் சுடும் சூளைக்கும் ஏற்றது.