பள்ளி வளாகத்துக்குள் வரக் கூடாத விளையாட்டுப் புள்ளிகள்

போக்கிமான் கோ, இன்கிரெஸ் போன்ற கைப்பேசி விளையாட்டுகளுக்கு ஊர்தான் ஆடுகளம். கோயில், சிலை, மண்டபம், பூங்கா போன்ற உண்மையான இடங்கள் ஆடுபவரின் திரையில் புள்ளிகளாகத் தெரியும். ஜிபிஎஸ் காட்டும் இடம் அந்தப் புள்ளிக்கு அருகில் இருந்தால்தான் பொருள்களை எடுக்கவும் போட்டியில் இறங்கவும் முடியும். இந்தப் புள்ளிகளுள் பெரும்பாலானவற்றை ஆட்டக்காரர்களே பரிந்துரைத்தார்கள். அமெரிக்காவின் நியான்டிக் நிறுவனம் 2012இல் இன்கிரெஸை வெளியிட்டது. அதன் ஆட்டக்காரர்கள் படமும் விவரமும் அனுப்பிச் சேர்த்த இடங்களே 2016 ஜூலையில் போக்கிமான் கோ வந்தபோது அதற்கும் அடித்தளமாயின. 2019 முதல் ‘வேஃபேரர்’ என்ற தளத்தில் ஆட்டக்காரர்களே பிறர் அனுப்பும் பரிந்துரைகளை ஆய்ந்து வாக்களிக்கிறார்கள்.

அந்தத் தளத்தின் விதி தெளிவாகவே இருக்கிறது. மழலையர் பள்ளி முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளின் வளாகத்திலும், குழந்தைக் காப்பகங்களிலும் புள்ளி இருக்கக் கூடாது. தனியார் குடியிருப்பு மனைகளுக்கும், தீயணைப்பு நிலையம், மருத்துவமனை போன்றவற்றின் அவசரப் பணிக்கு இடையூறாகும் இடங்களுக்கும் இதே தடை உண்டு. கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களுக்குத் தடை இல்லை.

விதி இருந்தும் புள்ளிகள் உள்ளே வந்துவிடுகின்றன. ஒரு பரிந்துரையை ஆய்பவர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்திராதவராக இருக்கலாம். நகரத்தில் சிலைக்கும் பூங்காவுக்கும் பஞ்சமில்லை. சிற்றூரில் கோயிலையும் பஞ்சாயத்து அலுவலகத்தையும் விட்டால் சொல்லிக்கொள்ளத்தக்க கட்டடம் பெரும்பாலும் அரசுப் பள்ளிதான். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், மாதேஸ்வரன் மலை அடிவாரத்தில், தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் பாலாறு போன்ற ஊர்களுக்கு இது பொருந்தும். அங்கே ஆட நினைக்கும் ஓர் இளைஞர் பள்ளிச் சுவரோவியத்தையோ வளாகத்துக்குள் இருக்கும் பிள்ளையார் சிலையையோ படமெடுத்து அனுப்பினால், அதில் கெட்ட எண்ணம் ஏதும் இருக்க வேண்டியதில்லை. அருகில் வேறு புள்ளி இல்லை என்பதே காரணமாக இருக்கும்.

கர்நாடகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 11, 12ஆம் வகுப்புகள் நடக்கும் இடத்துக்கு அங்கே ‘பி.யூ. கல்லூரி’ என்று பெயர். விதிப்படி அது பள்ளிதான். மாணவர்களும் பெரும்பாலும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களே. ஆனால் பெயர்ப்பலகையில் ‘கல்லூரி’ என்று படிக்கும் வெளியூர் ஆய்வாளர் தயங்காமல் அனுமதித்துவிடலாம். அங்கன்வாடிக்கும் தடை பொருந்தும் என்பதும் பலர் கவனத்துக்கு வருவதில்லை.

பள்ளிக்குள் ஒரு புள்ளி இருந்தால், அங்கே வேலையில்லாத பெரியவர் ஒருவர் வாசலில் நிற்பதற்கு ஒரு சாக்குக் கிடைக்கிறது. போக்கிமான் கோவில் ஏறத்தாழ 80 மீட்டர் தொலைவிலிருந்தே புள்ளியைத் தொட முடியும். ஆகவே மதிற்சுவரும் காவலாளியும் ஆட்டத்தைத் தடுப்பதில்லை. வெளியே சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பவர் ஆட்டக்காரரா வேறு நோக்கத்தோடு வந்தவரா என்று ஆசிரியரால் பிரித்தறிய முடியாது. வகுப்பில் இருக்கும் மாணவரின் கவனம் சிதறுவது இரண்டாவது கேடு. புள்ளியில் ‘லூர்’ எனப்படும் தூண்டிலை வைத்து மற்ற ஆட்டக்காரர்களை வரவழைக்கும் வசதியும் உண்டு. 2016 ஜூலையில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஓஃபாலன் நகரில், கொள்ளையர்கள் இந்த விளையாட்டைப் பயன்படுத்தி ஆட்களைத் தனியிடத்துக்கு இழுத்ததாகப் போலீசார் தெரிவித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில், பரோலில் வெளிவந்த பாலியல் குற்றவாளிகள் இதை ஆடக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் தடை விதித்தது. பள்ளிகளில் அரிய போக்கிமான்கள் (விளையாட்டில் பிடிக்க வேண்டிய உயிரினங்கள்) தோன்றக் கூடாது என நியான்டிக்கிடம் கேட்கப்போவதாகப் பிரான்சின் கல்வி அமைச்சர் அறிவித்ததும் அந்த மாதத்தில்தான்.

இந்தியாவில் விளையாட்டு முறையாக வெளிவருவதற்கு முன்பே வழக்கு வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் குஜராத் உயர்நீதிமன்றம், வழிபாட்டுத் தலங்களில் விளையாட்டில் சேகரிக்கும் முட்டைகள் திரையில் தோன்றுவதை எதிர்த்த பொதுநல மனுவில் நியான்டிக்குக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவுடன் சேர்ந்து விளையாட்டு இங்கே அறிமுகமாகி, ரிலையன்ஸ் கடைகளே புள்ளிகளாயின. கடைக்காரர் விரும்பிப் புள்ளியை வாங்கிக்கொண்டார். பள்ளியை யாரும் கேட்கவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

விளையாட்டுப் புள்ளிகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை வகுத்ததுபோல இதற்கு எவரும் வகுக்கவில்லை. இருக்கும் சட்டங்களையே பயன்படுத்த வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் தொடர்ந்து பின்தொடர்வதையும் கண்காணிப்பதையும் மின்னணு வழியில் தொடர்புகொள்வதையும் குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. அனுமதியின்றி வளாகத்தில் நுழைந்தால் வெளியேறச் சொல்லும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. ஆனால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்ற அத்துமீறல் ஆவதற்கு மிரட்டவோ தொந்தரவு செய்யவோ குற்றமிழைக்கவோ எண்ணம் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இடத்தை வைத்தே நடக்கும் விளையாட்டுகளுக்கு இது பெரிய கேள்வி. ஆனால் இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன.

எனவே உடனடிப் பரிகாரம் நிறுவனத்திடமே இருக்கிறது. விளையாட்டை வைத்திருக்கும் ஆசிரியரோ பெற்றோரோ புள்ளியைத் திறந்தால், இடம் தவறு என்று புகார் செய்யும் வசதி உள்ளேயே இருக்கும். அதைவிட வலுவானது, தலைமையாசிரியரோ பள்ளி மேம்பாட்டு மேற்பார்வைக் குழுவோ (எஸ்.டி.எம்.சி.) பள்ளியின் கடிதத்தாளில் அனுப்பும் கோரிக்கை. புள்ளியின் பெயர், திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), அட்சரேகை தீர்க்கரேகை, வளாக எல்லை தெரியும் செயற்கைக்கோள் வரைபடம் ஆகியவற்றோடு, எத்தனையாம் வகுப்பு வரை நடக்கிறது என்பதையும் எழுத வேண்டும். பி.யூ. கல்லூரி என்றால் இந்த ஒரு வரியே முடிவைத் தீர்மானிக்கும். சில ஆட்டக்காரர்கள் பொருள் உள்ளே இருக்க, புள்ளியை மட்டும் சுவருக்கு வெளியே நகர்த்தி வைப்பதுண்டு. பொருளின் உண்மையான இடத்தைப் படத்தோடு காட்டினால் அந்தத் தந்திரம் வெளிப்படும். போக்கிமான் கோ 2025இல் ஸ்கோப்லி நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது, இன்கிரெஸ் மாறவில்லை. எந்த விளையாட்டில் புள்ளி தெரிகிறதோ அதன் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும்.

புகாரைப் பொருட்படுத்தத்தான் வேண்டும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. வீட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, பெரும்பாலான புகார்களை 15 நாளுக்குள் தீர்க்க முயலவும், தனிவீட்டுக்கு 40 மீட்டருக்குள் இருக்கும் புள்ளியை உரிமையாளர் கேட்டால் நீக்கவும் நியான்டிக் ஒப்புக்கொண்டது. இந்தியப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. ஆனாலும் கடிதத்தில் சுட்டிக்காட்டப் பயன்படும்.

பதில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு, மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் என்று மேலே போகலாம். பாலாறு எல்லையோர ஊர் என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பள்ளி கர்நாடகப் பக்கம் இருந்தால் புகார் சாமராஜநகருக்கும் பெங்களூருக்கும்தான் போக வேண்டும். சந்தேகத்துக்குரிய ஆள் குழந்தைகளை அணுகினால் புள்ளி நீங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை; 1098 அல்லது 112க்கு அழைக்கலாம்.

நீக்கிய இடத்தை வேறொருவர் மீண்டும் பரிந்துரைக்கக்கூடும். ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் வாரத்தில் ஓர் ஆசிரியர் விளையாட்டு வரைபடத்தைத் திறந்து வளாகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.