விண்கல்லின் நியான் கணக்கு

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மர்ச்சிசன் என்ற ஊரையொட்டி ஒரு விண்கல் சிதறி விழுந்தது. கிடைத்த துண்டுகள் 100 கிலோவுக்கும் மேல். சூரியக் குடும்பம் உருவான காலத்துப் பொருள் உருகாமல் தங்கிய, கார்பன் மிகுந்த கல் அது. அது எவ்வளவு காலம் விண்வெளியில் அலைந்தது என்பதை அதனுள் இருக்கும் நியான் வாயுவே காட்டிக்கொடுக்கிறது.

விண்வெளியில் காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பாய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அதிவேகப் புரோட்டான்கள். அவை பாறையிலுள்ள மக்னீசியம், சிலிக்கான் அணுக்கருக்களை மோதி உடைக்கும்போது நியான்-21 பிறக்கிறது. நம் காற்றிலுள்ள நியானில் இந்த ஐசோடோப்பு 0.3 சதவீதம்கூடத் தேறாது. மோதலில் பிறக்கும் நியானிலோ 20, 21, 22 ஆகிய மூன்றும் ஏறக்குறைய சமம். மந்த வாயு எதனோடும் சேராது என்பதால் பாறை உருவானபோது உள்ளே தங்கியதும் மிகச் சொற்பம். புதிதாகச் சேர்ந்த கொஞ்சமும் தெளிவாகத் தெரிந்துவிடும். கல்லை வெற்றிடத்தில் சூடாக்கி, வெளிவரும் வாயுவை நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். ஆண்டுக்கு எவ்வளவு பிறக்கும் என்ற வேகம் தெரிந்தால் காலம் கிடைத்துவிடும். ஹீலியம்-3 கூட இப்படிப் பிறப்பதுதான், ஆனால் கல் சூடானால் அது எளிதில் கசிந்துவிடும்.

இக்கதிர்கள் பாறைக்குள் ஓரிரு மீட்டருக்கு மேல் பெரிதாக ஊடுருவுவதில்லை. ஆகவே தாய்ச் சிறுகோளின் ஆழத்தில் கிடந்த காலம் கணக்கில் வராது. உடைந்து வெளியேறிய பிறகே எண்ணிக்கை தொடங்கும். மர்ச்சிசனுக்கு அது 15 முதல் 20 லட்சம் ஆண்டுகள். இரும்பு விண்கற்களுக்குப் பல கோடி ஆண்டுகள் வரும்.

இதே நியான்தான் இன்னொரு பெரிய விடையையும் தந்தது. மர்ச்சிசன் கல்லின் பொடியை அமிலத்தில் கரைத்தால் சிலிக்கான் கார்பைடு துகள்கள் எஞ்சும். அவற்றின் ஐசோடோப்பு விகிதங்கள் சூரியக் குடும்பத்துப் பொருள் எதோடும் ஒத்துப்போவதில்லை. இறக்கும் விண்மீன்கள் உமிழ்ந்த தூசு அவை. சூரியன் பிறக்குமுன் விண்மீன்களிடையே மிதந்தபோதும் இத்துகள்களில் நியான்-21 சேர்ந்தது. சிறுகோளுக்குள் புதைந்ததும் அது நின்றது. கல் அலைந்த 15 முதல் 20 லட்சம் ஆண்டுகளின் பங்கைக் கழித்துவிட்டால் மீதி அந்தப் பழைய பயணத்தினுடையது.

சிக்கல் துகளின் அளவில்தான். மோதலில் பிறக்கும் நியான் உதைபட்டுச் சில மைக்ரோமீட்டர் பாய்வதால், சிறு துகளிலிருந்து வெளியேறிவிடும். அதனால் 2020-ல் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் பிலிப் ஹெக் குழுவினர் பெரிய துகள்களாகத் தேர்ந்து 40-ஐ அளந்தார்கள். பெரும்பாலானவை சூரியனைவிட 30 கோடி ஆண்டுக்குள் மூத்தவை. மிகப் பழையதன் வயது சுமார் 700 கோடி ஆண்டுகள் என்று வந்தது. அதில் பிழை வரம்பு 200 கோடி ஆண்டுகள் வரை இருக்கலாம். ஆனாலும், பூமியில் இதுவரை வயது கணிக்கப்பட்ட திடப்பொருள்களில் அதைவிடப் பழையது வேறில்லை.