ஒரே சாஃப்ட்வேருக்கு எதுக்கு இத்தனை பெயர்? - 'டெக்' குடும்பத்தின் கதை!

பி.ஹெச்டி தீசிஸ் எழுதும் நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால், 'லேடெக்' என்ற பெயரைப் புலம்பலோடு சேர்த்தே கேட்டிருப்பீர்கள். ஓவர்லீஃப் தளத்தில் 'கம்பைலர்' மெனுவைத் திறந்தால் லேடெக், பிடிஎஃப்லேடெக், ஸீலேடெக், லுவாலேடெக் என வரிசையாக நிற்கும். பக்கத்தை அழகாக அடுக்கித் தருவதுதான் எல்லாவற்றுக்கும் வேலை. அப்புறம் எதுக்கு இத்தனை பெயர்?

1977-க்குப் போவோம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்டு குனூத், தன் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' புத்தகத்தின் இரண்டாம் தொகுதிக்கு வந்த புதிய புரூஃபைப் பார்த்து நொந்துபோனார். ஈய எழுத்து போய் ஃபோட்டோ முறை வந்த காலம் அது. அச்சு அவ்வளவு மோசம். தானே ஒரு சாஃப்ட்வேர் எழுதிவிடலாம் என இறங்கினார். சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை, கிட்டத்தட்ட பத்து வருஷத்தை விழுங்கியது. அதுதான் 'டெக்'.

1990-ல் அவர் எடுத்த முடிவுதான் கதையின் திருப்பம். இனி டெக்கில் புது வசதி எதுவும் கிடையாது, பிழை திருத்தம் மட்டும்தான். இன்று எழுதும் ஃபைல் ஐம்பது வருஷம் கழித்தும் அதே பக்கத்தைத் தர வேண்டும் என்ற பிடிவாதம். வெர்ஷன் நம்பர்கூட ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'பை'யை நெருங்கும். இப்போது 3.141592653. (தன் காலத்துக்குப் பிறகு 'பை' என்றே மாற்றிவிட வேண்டும், மிச்சமிருக்கும் பிழைகள் எல்லாம் 'ஃபீச்சர்'கள் என்றும் சொல்லிவைத்திருக்கிறார். குசும்பு!)

கோடை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். ஆனா, மாற்றியதற்கு 'டெக்' என்று மட்டும் பெயர் வைக்கக்கூடாது. பெயருக்கு முன்னால் ஒட்டு சேர்ந்தது இப்படித்தான்.

முதலில் 1990-களில் வந்தது 'ஈ-டெக்'. டெக்கில் எண்களையும் அளவுகளையும் போட்டுவைக்கும் ரெஜிஸ்டர்கள் வகைக்கு 256-தான். பெரிய பேக்கேஜ்களுக்கு அது போதவில்லை. ஈ-டெக் அதை 32,768 ஆக்கியது. அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் வசதியும் சேர்ந்தது.

அடுத்தவர் ஹான் தே தான். வியட்நாமிலிருந்து செக் நாட்டின் பர்னோ நகருக்குப் படிக்கப்போன மாணவர். டெக்கிலிருந்து நேரடியாக பிடிஎஃப் எடுக்கும் 'பிடிஎஃப்டெக்' இவர் கைவண்ணம். அதோடு நிற்கவில்லை. வரி சரியாக அமையவில்லை என்றால் சொற்களுக்கு இடையே ஓட்டை விழும் இல்லையா? எழுத்துகளையே கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சம் அகலமாக்கி, குறுக்கி அதைச் சரிசெய்தார். அவருடைய டாக்டர் பட்ட ஆய்வே அதுதான். இன்றைக்கு 'லேடெக்' என்று தேர்வு செய்தாலும் பெரும்பாலும் உள்ளே ஓடுவது இவருடைய இன்ஜின்தான்.

இனி நம்ம ஊர் சமாச்சாரம். பழைய டெக்கில் ஒரு ஃபான்ட்டுக்கு 256 இடம். தமிழுக்கு 247 எழுத்து, கணக்கு சரியா வருதேன்னு தோணும். ஆனா கிரந்த எழுத்து, எண், நிறுத்தற்குறி எல்லாம் எங்கே போகும்? சிக்கல் அதோடும் முடியவில்லை. 'கொ' என்று டைப் செய்யும்போது ககரத்துக்குப் பிறகுதான் குறியீடு வருகிறது. பக்கத்திலோ அதில் பாதி முன்னால் நிற்க வேண்டும், பாதி பின்னால் நிற்க வேண்டும். டெக்குக்கு இது தெரியாது.

2004-ல் எஸ்.ஐ.எல் அமைப்பைச் சேர்ந்த ஜோனதன் கியூ 'ஸீடெக்'கை வெளியிட்டார். யூனிகோடு எழுத்தை அப்படியே வாங்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபான்ட்டை நேரடியாக எடுத்துக்கொள்ளும். முதலில் மேக்குக்கு மட்டும், பிறகு மற்றவற்றுக்கும் வந்தது.

'லுவாடெக்' வேறு ரகம். பிரேசிலில் பிறந்த லுவா மொழியை உள்ளே பொருத்தி, இன்ஜினின் முடிவுகளையே நீங்கள் மாற்ற வழிவிட்டார்கள். 1.0 வெர்ஷன் 2016-ல் வந்தது. வேகம் மட்டும் பிடிஎஃப்டெக்கைவிடக் கம்மி.

ஆங்கிலமும் கணக்கும் மட்டும் என்றால் பிடிஎஃப்லேடெக்கே போதும். தீசிஸில் தமிழ் வருகிறதா? 'ஃபான்ட்ஸ்பெக்' பேக்கேஜைச் சேர்த்து, தமிழ் ஃபான்ட் பெயரைக் கொடுத்து, கம்பைலரை ஸீலேடெக்குக்கு மாற்றுங்கள். லுவாலேடெக்கில் என்றால் ஃபான்ட் கொடுக்கும் இடத்தில் 'ஹார்ஃப்பஸ்' ரெண்டரரையும் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்!